வைரத்தின் முகத்தில் ஒற்றை அடுக்கு ஹைட்ரஜன்: எலக்ட்ரான்களுக்கு என்ன நடக்கிறது? படிப்படியான வழிகாட்டி

வைரம் மின்சாரத்தைக் கடத்தாது என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அதில் தவறில்லை. ஆனால் சுத்தமான ஒரு வைரத் துண்டை ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் சில நிமிடங்கள் வைத்தெடுங்கள். பிறகு அதைக் காற்றில் கொஞ்ச நேரம் விட்டு, முகத்தின் இரண்டு ஓரங்களிலும் தங்கப் பூச்சிட்டு மின்தடையை அளந்து பாருங்கள். அளக்கவே முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்த மின்தடை, சதுரத்துக்குப் பத்தாயிரம் ஓம் என்ற அளவுக்கு இறங்கியிருக்கும். உள்ளே இருக்கும் கார்பன் எதுவும் மாறவில்லை, வைரத்தைக் கடத்தவைக்க வழக்கமாகச் சேர்க்கும் போரானும் கலக்கவில்லை. மாறியது மேல்தோல் மட்டும்தான், அதுவும் ஓர் அணு கனத்துக்கு.

1989-இல் லேண்ட்ஸ்ட்ராஸ், ரவி என்ற இருவர் இந்த மின்கடத்தலைக் கவனித்து எழுதினார்கள். காரணம் இதுதான் என்று தெளிவாக நிற்கும் விளக்கம் கிடைக்க 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு காலம் பிடித்ததற்கு, மூன்று வேறு விளைவுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இன்றும் மாணவர்கள் "ஹைட்ரஜன் ஏறினால் வைரம் கடத்தும்" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த வரி பாதிதான் உண்மை. அந்த மூன்றையும் தனித்தனியே பிரித்துக் காட்டவே இந்த வழிகாட்டி. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கணக்கு இருக்கிறது.

படி 1: வெறும் மேற்பரப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

வைரத்தின் உள்ளே ஒவ்வொரு கார்பனுக்கும் நான்கு அண்டை அணுக்கள், ஒவ்வொன்றும் 0.154 நானோமீட்டர் தூரத்தில். நான்கு எலக்ட்ரான்களும் நான்கு பிணைப்புகளில் பூட்டப்பட்டுவிட்டன. எலக்ட்ரான்கள் நிரம்பிய ஆற்றல் மட்டங்களான இணைதிறன் பட்டைக்கும், எலக்ட்ரான் நகர இடமுள்ள காலி மட்டங்களான கடத்துபட்டைக்கும் நடுவே 5.47 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி. சிலிக்கானில் இது 1.1 மட்டுமே.

இப்போது படிகத்தை வெட்டுங்கள். 111 தளத்தில் (111, 100 என்பவை படிகத்தை எந்தச் சாய்வில் வெட்டுகிறோம் என்பதைக் குறிக்கும் எண்கள்) வெட்டினால் மேலே இருக்கும் ஒவ்வொரு கார்பனுக்கும் ஒரு பிணைப்பு அறுந்து தொங்கும். 100 தளத்தில் வெட்டினால் இரண்டு. இந்தத் தொங்கும் பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரானின் ஆற்றல், நிரம்பிய பட்டைக்கும் காலிப் பட்டைக்கும் நடுவில் விழுகிறது. அதாவது, எதுவுமே இருக்கக்கூடாத அந்த 5.47 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளிக்குள் மேற்பரப்பு நிலைகள் முளைக்கின்றன.

கார்பன் அப்படியே சும்மா இருந்துவிடுவதில்லை. 100 தளத்தில் அடுத்தடுத்த இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து ஜோடி சேர்கின்றன. அந்த ஜோடிக்குள் தூரம் சுமார் 0.137 நானோமீட்டர், கிட்டத்தட்ட இரட்டைப் பிணைப்பின் நீளம். 111 தளத்திலோ மேல் அடுக்கு தன்னைச் சங்கிலி சங்கிலியாக மாற்றி அடுக்கிக்கொள்கிறது. இரண்டிலும் அலகுக் கட்டம் ஒரு திசையில் இரட்டிப்பாவதால் இதை "இரண்டுக்கு ஒன்று" அமைப்பு என்கிறோம். ஆற்றல் கொஞ்சம் குறைகிறது. ஆனால் இடைவெளிக்குள் இருக்கும் நிலைகள் முழுதாகப் போவதில்லை.

ஒரு பழைய சங்கதியை இங்கே சொல்லியாக வேண்டும். 1979-இல் ஐபிஎம் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹிம்ப்செல் குழு, வைரத்தின் 111 முகத்திலிருந்து எலக்ட்ரான்கள் எந்தத் தடையும் இல்லாமல் வெற்றிடத்துக்குள் வெளியேறுவதைக் கண்டது. மெருகேற்றிய அந்த முகம் வெறும் கார்பன் முகமாகத்தான் தெரிந்தது. 1980-களில் பேட் முதலானோர் செய்த ஆய்வுகளுக்குப் பிறகுதான், மெருகேற்றிய நிலையிலேயே அந்த முகம் ஹைட்ரஜனால் மூடப்பட்டிருந்தது உறுதியானது. கண்ணில் படாமல் போனது ஏன்? எக்ஸ் கதிர் ஒளிமின் நிறமாலையில் கார்பன் தெரியும், ஆக்சிஜன் தெரியும், ஹைட்ரஜன் தெரியாது. அதற்கு உள்ளோட்டு எலக்ட்ரானே கிடையாது. இருக்கும் ஒரே எலக்ட்ரானும் பிணைப்பில் போய்விடுகிறது. ஆகவே உங்கள் நிறமாலையில் கார்பன் கோடு மட்டும் இருக்கிறது என்பதற்காக முகம் வெறுமையானது என்று எழுதிவிடாதீர்கள்.

உண்மையிலேயே வெறும் முகம் வேண்டுமென்றால் மீயுயர் வெற்றிடத்தில் சுமார் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். ஹைட்ரஜன் கழன்று போகும், முகம் மறுசீரமையும்.

படி 2: ஹைட்ரஜனை அணுவாக உடையுங்கள்

சிலிண்டரிலிருந்து ஹைட்ரஜன் வாயுவைத் திறந்துவிட்டால் வைரத்துக்கு ஒன்றும் ஆகாது. மூலக்கூறைப் பிளக்க 4.5 எலக்ட்ரான் வோல்ட் தேவை. சாதாரண நிலையில் வைரத்தின் முகத்தால் அதைச் செய்ய முடியாது, மோதிய மூலக்கூறு திரும்பிப் போய்விடும். தனி அணுக்கள்தான் வேண்டும்.

வெற்றிட அறையில் அடிப்படை ஆய்வு செய்பவர்கள், மாதிரிக்குச் சில சென்டிமீட்டர் தள்ளி ஒரு டங்ஸ்டன் இழையை 1800 முதல் 2000 டிகிரி வரை சூடாக்கி, அதன்மேல் படும்படி ஹைட்ரஜனை விடுகிறார்கள். இங்கே "லேங்மியூர்" என்ற அலகு வரும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு டார் அழுத்தத்தில் ஒரு விநாடி வைத்தால் ஒரு லேங்மியூர். அறை வெப்பநிலையில் அந்த ஒரு விநாடியில் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 1.4 × 10¹⁵ ஹைட்ரஜன் மூலக்கூறுகள் மோதும். 100 முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் இருக்கும் கார்பன் அணுக்கள் 1.57 × 10¹⁵. இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்பதால்தான் இந்த அலகு இவ்வளவு வசதியாக இருக்கிறது. ஆனால் இது மூலக்கூறுகளின் கணக்கு. இழையில் பட்டு உடைந்து முகத்தை வந்தடைவது அதில் சிறு பங்குதான். அதனால் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் லேங்மியூர் என்று படித்தால் குழம்ப வேண்டாம். ஒரு கட்டுரையின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடவும் வேண்டாம், இழை எங்கே இருந்தது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறிவிடும்.

கருவி செய்பவர்களுக்கு மைக்ரோவேவ் பிளாஸ்மாதான் வழி. 2.45 கிகாஹெர்ட்ஸ், சில பத்து மில்லிபார் அழுத்தம், மாதிரியின் வெப்பநிலை 700 முதல் 800 டிகிரி வரை, நேரம் ஐந்து பத்து நிமிடம். இதற்கு முன்பு, சூடான ஆக்சிஜனேற்றும் அமிலக் கலவையில் போட்டு மேலே இருக்கும் கிராஃபைட் போன்ற கார்பனையும் உலோகத் துகள்களையும் நீக்கியிருக்க வேண்டும். பிளாஸ்மாவை அணைத்ததும் அறையைத் திறக்கும் அவசரம் வேண்டாம். ஹைட்ரஜன் ஓட்டத்திலேயே ஆறவிடுங்கள். சூடான முகத்தில் கொஞ்சம் ஆக்சிஜன் பட்டாலும் செய்த வேலை வீணாகிவிடும். நேரத்தைக் கூட்டினால் தரம் கூடும் என்ற எண்ணமும் வேண்டாம். ஹைட்ரஜன் பிளாஸ்மா வைரத்தை அரிக்கவும் செய்யும், நீண்ட நேரம் வைத்தால் முகத்தில் குழிகள் விழும்.

காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை ஹைட்ரஜன் கலந்தால் தீப்பற்றும். கசிவுக் கண்டறியும் கருவி இல்லாத அறையில் இதைத் தொடங்காதீர்கள்.

சிவிடி முறையில் (வாயுவிலிருந்து கார்பனைப் படியவைத்து) வளர்க்கும் வைரங்கள் ஹைட்ரஜன் நிறைந்த பிளாஸ்மாவிலேயே பிறப்பதால், உலையிலிருந்து வெளியே வரும்போதே இந்த மேல்தோலோடுதான் வருகின்றன. சென்னை ஐஐடியில் ஆய்வக வைரத்துக்கென்று தனி மையம் அமைந்திருக்கிற இந்தக் காலத்தில், இது தமிழ் மாணவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இயற்பியல்.

படி 3: முதல் மாற்றம், இடைவெளி துடைக்கப்படுகிறது

அணு ஹைட்ரஜன் வந்து தொங்கும் பிணைப்பைப் பிடித்துக்கொள்கிறது. கார்பன் ஹைட்ரஜன் பிணைப்பு வலுவானது. அதனால் அதன் நிரம்பிய நிலை கீழே இறங்கி இணைதிறன் பட்டைக்குள் மறைகிறது, காலி நிலை மேலே ஏறிவிடுகிறது. நடுவில் நின்றுகொண்டிருந்த மேற்பரப்பு நிலைகள் காணாமல் போகின்றன. வெறும் முகத்தில் ஃபெர்மி மட்டம் (எலக்ட்ரான்கள் எந்த ஆற்றல் வரை நிரம்பியிருக்கின்றன என்பதைக் காட்டும் கோடு) அந்த நிலைகளில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் இருந்தது. இப்போது அதற்கு விடுதலை. அடுத்த படிகளில் நடக்கப்போகிற எல்லாவற்றுக்கும் இந்த விடுதலைதான் முன்நிபந்தனை.

111 முகத்தில் சங்கிலிகள் கலைந்து, உள்ளே இருக்கும் படிகத்தின் ஒழுங்கே முகம் வரை வந்துவிடும். எலக்ட்ரான் கற்றையை முகத்தில் மோதவிட்டு எடுக்கும் விளிம்பு விளைவுப் படத்தில் "இரண்டுக்கு ஒன்று" புள்ளிகள் மங்கி "ஒன்றுக்கு ஒன்று" தெரியும், பார்த்தவுடன் சொல்லிவிடலாம். 100 முகத்தில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். அங்கே ஜோடி பிரிவதில்லை. இரட்டைப் பிணைப்பு ஒற்றையாகி 0.16 நானோமீட்டர் அளவுக்கு நீள்கிறது, ஆளுக்கொரு ஹைட்ரஜன் மேலே உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே ஹைட்ரஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படம் "இரண்டுக்கு ஒன்று" என்றே காட்டும். அங்கே புற ஊதா ஒளிமின் நிறமாலையில் இணைதிறன் பட்டை விளிம்புக்கு அருகே இருந்த மேற்பரப்பு நிலையின் மேடு மறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

படி 4: இரண்டாவது மாற்றம், பட்டைகள் மேலே தூக்கப்படுகின்றன

கார்பனின் எலக்ட்ரான் கவர்திறன் 2.55, ஹைட்ரஜனுடையது 2.20. வித்தியாசம் சிறியதுதான். எலக்ட்ரான் மேகம் கொஞ்சம் கார்பன் பக்கம் சாய, வெளியே நிற்கும் ஹைட்ரஜன் சற்றே நேர்மின் தன்மை பெறுகிறது. ஒரு பிணைப்பில் இது ஒன்றுமில்லை. ஆனால் சதுர சென்டிமீட்டருக்கு 1.57 × 10¹⁵ பிணைப்புகளும் ஒரே திசையில், வெளிப்புறம் நேர்மின்னாக அணிவகுத்து நிற்கின்றன. ஊர் கூடித் தேர் இழுக்கிற கதை.

எவ்வளவு இழுக்கிறது என்று கணக்குப் போடுவோம். "எலக்ட்ரான் நாட்டம்" என்பது கடத்துபட்டையின் அடிமட்டம் வெற்றிட மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு. 100 முகத்துக்கு, வெறுமையாக இருக்கும்போது இது ஏறத்தாழ +0.5 எலக்ட்ரான் வோல்ட். முழுவதும் ஹைட்ரஜன் ஏறியபின் −1.3. மொத்த நகர்வு 1.8. இருமுனை அடுக்கு உண்டாக்கும் மின்னழுத்தப் படி என்பது, ஓர் இருமுனையின் திருப்புத்திறனைப் பரப்பு அடர்த்தியால் பெருக்கி, வெற்றிட விடுதிறனால் வகுத்தால் வருவது. திருப்பிப் போட்டால் ஒவ்வொரு பிணைப்பின் செங்குத்துக் கூறு சுமார் 10⁻³⁰ கூலூம் மீட்டர் என்று வருகிறது. பிணைப்பின் நீளம் 0.11 நானோமீட்டர் என்று வைத்தால், இடம் மாறியிருப்பது ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் ஏறக்குறைய 6 விழுக்காடு. தோராயமான கணக்குதான், அண்டை இருமுனைகள் ஒன்றையொன்று குறைப்பதை இதில் சேர்க்கவில்லை. ஆனாலும் எனக்கு இந்தக் கணக்கின்மேல் தனிப் பிரியம் உண்டு. இவ்வளவு சிறிய சாய்வு ஒரு திண்மத்தின் பட்டைகள் அனைத்தையும் 1.8 எலக்ட்ரான் வோல்ட் தூக்கி நிறுத்துகிறது என்பதை இரண்டே வரியில் கண்டுகொள்ளலாம்.

இப்போது தாளில் ஓர் ஏணி வரையுங்கள். வெற்றிட மட்டம் சுழி. வெறும் முகத்துக்குக் கடத்துபட்டையின் அடி −0.5, இணைதிறன் பட்டையின் உச்சி −6.0. ஹைட்ரஜன் முகத்துக்கு +1.3, −4.2. ஆக்சிஜன் ஏறிய முகத்தையும் பக்கத்தில் வரைந்துகொள்ளுங்கள். அங்கே இருமுனை எதிர்த்திசையில் இருப்பதால் −1.7, −7.2. ஒரே வைரம்தான். மேலே ஒட்டியிருக்கும் அணுவை மாற்றியதால் இரண்டு ஏணிகளுக்கும் இடையே 3 எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசம்.

ஹைட்ரஜன் ஏணியில் கடத்துபட்டையே வெற்றிடத்துக்கு மேலே நிற்பதைக் கவனித்தீர்களா? அங்கே வந்து சேரும் எலக்ட்ரானுக்கு வெளியேறச் சுவரே இல்லை, சரிவுதான் இருக்கிறது. 1979-இல் ஹிம்ப்செல் குழு கண்டது இதைத்தான். இதை எதிர்மறை எலக்ட்ரான் நாட்டம் என்கிறோம்.

அளக்கும்போது ஒரு கண்ணி உண்டு. ஹீலியம் விளக்கின் 21.2 எலக்ட்ரான் வோல்ட் ஒளியில் நிறமாலை எடுத்தால், குறைந்த ஆற்றல் பக்கத்தில் கூர்மையான உயரமான முகடு வரும். நிறமாலையின் மொத்த அகலம் 21.2-லிருந்து 5.5 கழித்து சுமார் 15.7 ஆக இருக்கும். இது எதிர்மறை நாட்டத்துக்கு நல்ல அடையாளம். ஆனால் எவ்வளவு எதிர்மறை என்று இது சொல்லாது. எலக்ட்ரான்கள் கடத்துபட்டையின் அடியில் தேங்கி அங்கிருந்து வெளியேறுவதால், நாட்டம் −0.2 ஆனாலும் −1.3 ஆனாலும் முகடு அங்கேயேதான் நிற்கும். அந்த −1.3-ஐப் பெற வெளியேற்று ஆற்றலை (ஃபெர்மி மட்டத்திலிருந்து வெற்றிட மட்டம் வரை உள்ள உயரத்தை) கெல்வின் ஆய்முனை போன்ற தனி முறையில் அளந்து சேர்க்க வேண்டும்.

படி 5: மூன்றாவது மாற்றம், இதைச் செய்வது காற்று

இதுவரை வைரம் இன்னும் மின்கடத்தாப் பொருளாகத்தான் இருக்கிறது. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் ஏறிய வைரத்தை வெற்றிடத்தை விட்டு வெளியே எடுக்காமல் அளந்தால் அந்த மேற்பரப்புக் கடத்தல் கிடையாது.

காற்றில் வைத்ததும் முகத்தின்மேல் மிக மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. அதில் ஆக்சிஜன் கரைந்திருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு கரைந்து லேசான அமிலத்தன்மையும் இருக்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்று நான்கு ஹைட்ரஜன் அயனிகளையும் நான்கு எலக்ட்ரான்களையும் வாங்கிக்கொண்டு இரண்டு நீர் மூலக்கூறுகளாக மாறும் வினை நமக்குத் தெரிந்ததுதான். அந்த எலக்ட்ரான்கள் எந்த ஆற்றல் மட்டத்தில் போய் உட்காரும் என்று அதே ஏணியில் குறியுங்கள். பிஎச் சுழியில் −5.66 எலக்ட்ரான் வோல்ட். பிஎச் ஒவ்வொன்று கூடும்போதும் 0.059 மேலே ஏறும். பிஎச் 6-க்கு சுமார் −5.3.

ஏணியைப் பாருங்கள். ஹைட்ரஜன் முகத்தின் இணைதிறன் பட்டை உச்சி −4.2-இல் நிற்கிறது. நீரிலிருக்கும் காலி இடம் −5.3-இல், ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் தாழ்வாக. மேட்டிலிருக்கும் தண்ணீர் பள்ளத்துக்குப் பாய்வதைப்போல வைரத்தின் எலக்ட்ரான்கள் படலத்துக்குள் இறங்குகின்றன. வைரத்தில் துளைகள், அதாவது எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடங்கள், மிஞ்சுகின்றன. நேர்மின்னூட்டம்போல நகர்ந்து மின்சாரத்தைக் கடத்துபவை இவைதான். அந்தத் துளைகளைப் படலத்தில் சேர்ந்த எதிர்மின்னூட்டம் முகத்தை ஒட்டியே சில நானோமீட்டர் ஆழத்துக்குள் பிடித்து வைக்கிறது. வெறும் முகத்தின் −6.0-க்கும், ஆக்சிஜன் முகத்தின் −7.2-க்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டுமே −5.3-க்குக் கீழே. எலக்ட்ரான் ஏறிப் போக வழியில்லை. நீரோடு சேர்ந்து வைரம் கடத்தவேண்டுமானால் ஏன் ஹைட்ரஜன்தான் வேண்டும் என்பது இப்படித் தாளிலேயே விளங்கிவிடுகிறது.

ஜெர்மனியின் எர்லாங்கனில் மையர், ரிஸ்டைன், லெய் குழுவினர் 2000-இல் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இதுதான்: மாசு அணுவை உள்ளே புகுத்தாமல், வெளியே இருப்பதற்கு எலக்ட்ரானைக் கொடுத்துப் பெறும் கடத்தல். 2007-இல் சக்ரபாணியும் சக ஆய்வாளர்களும் நீரில் வைரப் பொடியைப் போட்டு, பிஎச் அளவும் கரைந்த ஆக்சிஜனும் மாறுவதை அளந்து, ஆக்சிஜன் நீர் இணைதான் எலக்ட்ரானை வாங்குகிறது என்பதற்கு வலுச் சேர்த்தார்கள்.

துளைகளின் எண்ணிக்கை சதுர சென்டிமீட்டருக்கு 10¹² முதல் 10¹³ வரை. மேல் எல்லையை எடுத்தாலும் சுமார் 150 கார்பன் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு ஒரு துளைதான்.

படி 6: மூன்றையும் பிரித்துப் பாருங்கள்

விலையுயர்ந்த நிறமாலைமானி இல்லாமலே செய்யக்கூடிய சோதனை இது. எனக்குத் தெரிந்தவரை, மூன்று விளைவுகளையும் கையால் தொட்டுக் காட்டுவதில் இதைவிடத் தெளிவானது இல்லை.

முதலில் ஒரு சொட்டு நீர். ஹைட்ரஜன் முகத்தில் அது தாமரை இலைத் துளிபோல முழு உருண்டையாக நிற்காது, ஆனாலும் கிட்டத்தட்டச் செங்கோண அளவில் திரண்டு நிற்கும். ஆக்சிஜன் முகத்தில் பரவிப் படுத்துவிடும். பிறகு மின்தடையை அளந்து குறித்துக்கொண்டு, மாதிரியை வெற்றிடத்தில் 200 முதல் 300 டிகிரி வரை சூடாக்குங்கள். நீர்ப்படலம் போய்விடும், கடத்தல் விழுந்துவிடும். அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகும், வெற்றிடத்திலேயே இருக்கும்வரை அது திரும்பாது. இப்போது காற்றைத் திறந்துவிடுங்கள். மின்தடை மெல்ல இறங்கத் தொடங்கும், பழைய மதிப்பை எட்டச் சில மணி நேரமோ சில நாட்களோ ஆகலாம். ஹைட்ரஜன் எங்கும் போகவில்லை, போய் வந்தது எலக்ட்ரானை வாங்குபவர் மட்டுமே என்பதற்கு இதுவே சாட்சி.

அதே மாதிரியை வெற்றிடத்தில் 1000 டிகிரிக்குக் கொண்டுபோனால் கதை வேறு. இம்முறை ஹைட்ரஜனே கழன்றுவிடும். காற்றில் எவ்வளவு நாள் வைத்தாலும் கடத்தல் வராது. படி 2-லிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

காற்றில் 200, 300 டிகிரி என்று சூடாக்கிப் பார்த்துவிட்டு "ஹைட்ரஜன் போய்விட்டது" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அந்த வெப்பநிலையில் போனது படலமா, ஹைட்ரஜனா, அல்லது ஆக்சிஜன் மெல்ல இடம்பிடிக்கத் தொடங்கியதா என்று அந்த ஒரு சோதனையால் சொல்ல முடியாது. வெற்றிடத்தில் செய்யுங்கள். ஒப்பீட்டுக்கு ஆக்சிஜன் ஏற்றிய ஒரு துண்டையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: பயன்பாட்டுக்குக் கொண்டுபோகும்போது

நீர்ப்படலத்தை நம்பி ஒரு டிரான்சிஸ்டரை விற்க முடியாது. ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தில் கவரதா குழு 1994-லேயே ஹைட்ரஜன் முகத்தில் புல விளைவு டிரான்சிஸ்டர் செய்து காட்டியது. அதன் பிறகான முயற்சிகளில் பெரும்பகுதி, நீருக்குப் பதில் நிலையான வாங்குபவரைத் தேடுவதுதான். 2004-இல் ஃபுல்லரீன் மூலக்கூறுகளைப் படியவைத்துக் கடத்தல் வந்தது. அடுத்து மாலிப்டினம் ஆக்சைடு, வனேடியம் ஆக்சைடு. தாளில் வரைந்த ஏணியே இங்கும் வழிகாட்டும்: காலி நிலை −4.2-க்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளும் வேட்பாளர்தான்.

துளைகளுக்கு வெகு அருகே எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை அடிக்கடி சிதறுகின்றன. அதனால் அவை மின்புலத்தில் எவ்வளவு எளிதாக நகரும் என்பதைச் சொல்லும் இயங்குதிறன் பெரும்பாலும் 100 செ.மீ²/வோல்ட்·விநாடியை ஒட்டியே தேங்கியிருந்தது. ஜப்பானின் தேசியப் பொருளறிவியல் நிறுவனத்தில், முகத்தைக் காற்றே படாமல் அறுகோண போரான் நைட்ரைடால் மூடிச் செய்த டிரான்சிஸ்டரில் அது அறை வெப்பநிலையில் 680 வரை ஏறியது. எலக்ட்ரானை வாங்குபவரையே விலக்கிவிட்டு, துளைகளை மின்வாயிலின் மின்னழுத்தத்தால் திரட்டினார்கள்.

எல்லா வேலைக்கும் ஹைட்ரஜன் முகம் ஏற்றதல்ல. நைட்ரஜன் வெற்றிட மையங்களை (ஒரு நைட்ரஜன் அணுவும் அதன் பக்கத்தில் கார்பன் இல்லாத ஒரு காலி இடமும் சேர்ந்தவை) வைத்துக் காந்தப்புலம் அளப்பவர்களுக்கு, அந்த மையம் ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக வைத்திருக்கும் எதிர்மின் நிலையில் இருக்க வேண்டும். முகத்துக்குச் சில நானோமீட்டர் அடியில் இருக்கும் மையங்களிடமிருந்து ஹைட்ரஜன் முகம் அந்த எலக்ட்ரானைப் பறித்துவிடுகிறது. அவர்கள் ஆக்சிஜன் முகத்தையே கேட்கிறார்கள்.

ஒரே துண்டில் இரண்டும் வேண்டுமென்றால் முழு முகத்துக்கும் முதலில் ஹைட்ரஜன் ஏற்றுங்கள். கடத்த வேண்டிய பகுதியை ஒளியுணர் பூச்சால் மூடி, மீதி இடத்தை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் மிகக் குறைந்த திறனில் சில விநாடிகள் மட்டும் காட்டுங்கள். பூச்சைக் கழுவி நீக்கியபின் மூடியிருந்த பகுதி கடத்தும், சுற்றிலும் கடத்தாது. ஏணியில் −4.2-க்கும் −7.2-க்கும் உள்ள அந்த வித்தியாசம் இப்போது உங்கள் மாதிரியின்மேல் ஒரு கோடாக ஓடுகிறது. ஒரு சொட்டு நீரை அந்தக் கோட்டின்மேல் வைத்தால் ஒருபக்கம் திரண்டும் மறுபக்கம் பரவியும் நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.